வாஷிங் மெஷினில் தண்ணீர் மெதுவாக ஏறுகிறதா? முதலில் ஒரு வாளியை எடுங்கள்

நகர்த்தி வைத்துக்கொள்ளும் சின்ன வாஷிங் மெஷின் வாங்கிய புதிதில் பலருக்கும் வரும் தொல்லை இது. குழாயில் ஹோஸை மாட்டி, துணியைப் போட்டு, பொத்தானை அமுக்கிவிட்டு வேறு வேலை பார்க்கப் போவோம். 20 நிமிடம் கழித்து வந்து மூடியைத் திறந்தால் அடியில் இருக்கும் துணி மட்டும் நனைந்திருக்கும், மேலே போட்ட சட்டை காய்ந்தபடியே கிடக்கும், மெஷின் பாட்டுக்கு 'ஸ்ஸ்' என்று நூல் மாதிரி தண்ணீரை இழுத்துக்கொண்டிருக்கும். சில மெஷின்கள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு எரர் கோடைக் காட்டி நின்றுவிடும். எல்ஜியில் 'ஐஇ', சாம்சங்கில் '4சி' அல்லது '4ஈ' என்று வந்தால், குறித்த நேரத்துக்குள் தண்ணீர் வந்து சேரவில்லை என்று அர்த்தம். மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று பயந்துவிட வேண்டாம்.

நான் பார்த்த வரையில் கோளாறு பெரும்பாலும் மெஷினுக்குள் இருப்பதில்லை. குழாய்க்கும் மெஷினுக்கும் நடுவே இருக்கும் அந்த ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில்தான் எங்கேயோ தண்ணீர் தடைபடுகிறது, இல்லையென்றால் ஏறுகிற தண்ணீர் பின்பக்கம் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. இது தெரியாமல் எடுத்த எடுப்பில் வால்வை மாற்றுவது, போர்டை மாற்றுவது என்று போனால் பணமும் போகும், தண்ணீரும் ஏறாது. அதனால் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் முன் ஒரு வாளியை எடுங்கள், தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் அளந்து பாருங்கள். எந்த இடத்தில் அளவு சட்டென்று குறைகிறதோ அங்கேதான் கோளாறு.

அளப்பதற்கு முன் ஒரு விஷயம். ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷின் ஒரே மூச்சில் தண்ணீர் பிடித்துவிட்டு நிற்பதில்லை. கொஞ்சம் பிடிக்கும், துணியைச் சுற்றிப் பார்க்கும், துணி தண்ணீரைக் குடித்து மட்டம் இறங்கியதும் மறுபடி பிடிக்கும். புதிதாக வாங்கியவர்கள் இதைப் பார்த்து 'விட்டு விட்டு ஏறுகிறதே' என்று கலங்கிப்போவதுண்டு, அது அதன் சுபாவம். நாலு துணி போட்டுவிட்டுத் தண்ணீர் மட்டத்தை அதிகபட்சத்தில் வைத்திருந்தாலும் நேரம் இழுக்கத்தான் செய்யும். இந்த இரண்டும் இல்லையென்றால் மேலே போகலாம்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

இரட்டைத் தொட்டி வைத்த செமி ஆட்டோமேட்டிக் என்றால் அதில் பெரும்பாலும் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வே இருக்காது. குழாயைத் திறந்தால் ஹோஸ் வழியாக நேரே தொட்டியில் விழும், நிறைந்ததும் நீங்கள்தான் மூட வேண்டும். இதில் தண்ணீர் மெதுவாக ஏறுகிறது என்றால் குழாய், ஹோஸ், வடிகால் இந்த மூன்றையும் பார்த்தாலே போதும்.

ஃபுல்லி ஆட்டோமேட்டிக் என்றால் ஹோஸ் போய்ச் சேரும் இடத்தில் மின்சாரத்தில் திறக்கும் இன்லெட் வால்வு ஒன்று இருக்கும். அதன் வாயில் ஒரு சின்னச் சல்லடையும் இருக்கும். இந்தச் சல்லடையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டும், பிறகு வருகிறேன்.

வாடகை வீடுகளில், தனிக் குழாய் இல்லாத இடங்களில், சமையலறை சிங்க் குழாயில் 'டக்' என்று மாட்டிக் கழற்றும் அடாப்டரைப் போட்டு மெஷினை ஓட்டுவார்கள். வசதியான ஏற்பாடுதான். ஆனால் தண்ணீர் மெதுவாக ஏறும் புகார் அதிகம் வருவதும் இங்கேதான், ஏனென்றால் சமையலறைக் குழாய் பாத்திரம் கழுவுவதற்காகச் செய்தது, 40 லிட்டர் தொட்டியை நிரப்புவதற்காக அல்ல.

வாளிக் கணக்கு

லிட்டர் கோடு போட்ட 10 லிட்டர் வாளி ஒன்று, கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், இரண்டும் போதும். வாளியில் கோடு இல்லையென்றால் 1 லிட்டர் பாட்டிலால் ஊற்றி ஊற்றி நீங்களே ஒரு மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வழக்கமாகத் துணி துவைக்கும் நேரத்திலேயே அளக்க வேண்டும். எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் காலை நேரத்தில் இருக்கும் வேகமும் நடுப்பகலில் இருக்கும் வேகமும் ஒன்றாக இருக்காது.

முதலில் அடாப்டர், ஹோஸ் எதுவும் இல்லாமல் வெறும் குழாயை முழுசாகத் திறந்து சரியாக 1 நிமிடம் பிடியுங்கள். வந்த அளவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அடாப்டரை மாட்டி, ஹோஸ் தலையையும் அதில் பொருத்தி, ஹோஸின் மறுமுனையை மெஷினிலிருந்து கழற்றி வாளிக்குள் விட்டு 1 நிமிடம் பிடியுங்கள். வேறொரு ஹோஸ் இருந்தால் அதையும் மாட்டி ஒரு தடவை பாருங்கள். கடைசியாக மெஷினில் மாட்டி ஓடவிட்டு, காலித் தொட்டியில் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். தொட்டிக்குள் அளப்பது கஷ்டமாக இருந்தால், முன்கூட்டியே வாளியால் 10 லிட்டர் ஊற்றி அது எந்த உயரத்துக்கு வருகிறது என்று ஒரு டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு, தண்ணீரை வெளியேற்றி, அப்புறம் மெஷினை நிரப்பவிட்டு அந்த அடையாளத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்குப் பார்க்கலாம்.

வெறும் குழாயில் 1 நிமிடத்துக்கு 11 லிட்டர், ஹோஸ் முனையில் 5 லிட்டர் என்று வந்தால் அடாப்டரோ ஹோஸோதான் காரணம். ஹோஸ் முனையில் 10 லிட்டர், மெஷினுக்குள் 3 லிட்டர் என்றால் சல்லடை அல்லது வால்வு. வெறும் குழாயிலேயே 3 லிட்டர்தான் என்றால் மெஷினைத் தொடவே வேண்டாம், வீட்டுத் தண்ணீர் வரத்தைத்தான் கவனிக்க வேண்டும். மெஷினுக்குள் விழும் ஓட்டம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் மட்டம் மட்டும் உயரவில்லை என்றால் வடிகாலைப் பாருங்கள்.

எவ்வளவு இருந்தால் போதும் என்று கேட்பீர்கள். ஒரு தடவை நிரம்ப 40 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 8 லிட்டர் வந்தால் 5 நிமிடத்தில் நிரம்பிவிடும். 4 லிட்டர்தான் என்றால் 10 நிமிடம். ஒரு துவைப்பு, இரண்டு அலசல் என்று மூன்று தடவை நிரம்ப வேண்டும் என்பதால் அது மொத்தமாக அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. 4 லிட்டருக்குக் கீழே போனால் துவைக்கும் நேரத்தைவிட நிரம்பும் நேரம்தான் அதிகமாக இருக்கும்.

குழாயிலேயே குறைவு என்றால்

சிங்குக்கு அடியில் சுவரிலிருந்து வரும் ஆங்கிள் வால்வைக் குனிந்து பாருங்கள். யாரோ எப்போதோ ஒழுகுகிறது என்று பாதி மூடிவைத்துவிட்டு மறந்திருப்பார்கள். கைப்பிடியைக் கால் சுற்று திருப்பும் வகை என்றால் கைப்பிடி பைப்போடு ஒரே திசையில் இருந்தால்தான் முழுசாகத் திறந்திருக்கிறது என்று பொருள். பல சுற்று சுற்றும் வகை என்றால் இடதுபக்கம் நிற்கும் வரை திருப்புங்கள். பல வருடம் அசையாத வால்வாக இருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம், மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துத் திறங்கள்.

அடுத்தது குழாய் மூக்கில் இருக்கும் வலை. தண்ணீர் தெறிக்காமல் நுரைத்தாற்போல் வர வைப்பது அதுதான், ஏரேட்டர் என்பார்கள். தண்ணீரை மிச்சப்படுத்துவதற்காக நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டருக்கு மேல் விடாதபடி பலவற்றைச் செய்திருப்பார்கள், அதோடு மணலும் உப்பும் சேர்ந்துவிட்டால் பாதி கூட வராது. கழற்றி, வினிகரிலோ வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த சிட்ரிக் ஆசிட்டிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் வெள்ளைப் படிவு உதிர்ந்துவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் வேகம் இல்லையென்றால் உயரம்தான் விஷயம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரின் அழுத்தம் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு), அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் 0.1 பார்தான். நீங்கள் மேல்மாடியில் இருந்து, தொட்டி உங்கள் தலைக்கு மேலேயே 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது 0.3 பார். ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷின்கள் பலவற்றின் கையேட்டில் குறைந்தபட்சம் 0.3 அல்லது 0.5 பார் வேண்டும் என்று போட்டிருப்பார்கள். மெகாபாஸ்கல் கணக்கில் எழுதியிருந்தால் அதைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள், 0.05 என்றால் 0.5 பார்.

அழுத்தம் குறைந்தால் வால்வு ஏன் அடம்பிடிக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அதற்குள் ரப்பர் தகடு ஒன்று தண்ணீர் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. மின்சாரம் வந்ததும் அதில் இருக்கும் காந்தம் தகட்டின் நடுவில் உள்ள ஊசி முனை அளவு துளையை மட்டும்தான் திறந்துவிடுகிறது. தகட்டை மேலே தூக்கிப் பெரிய வழியைத் திறப்பது தண்ணீரின் சொந்த அழுத்தம்தான். அழுத்தம் போதவில்லையென்றால் தகடு முழுசாக எழும்பாது, மெஷின் நன்றாக இருந்தாலும் தண்ணீர் சொட்டும். இதனால்தான் அதே குழாயில் வாளி ஓரளவு நிறைகிறது, மெஷின் மட்டும் நிறைய மாட்டேன் என்கிறது. இந்த நிலைமையில் இருப்பவர்கள் குறைந்த அழுத்தத்தில் திறக்கும் வால்வு உங்கள் மாடலுக்கு உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் தொட்டியிலிருந்து வரும் லைனில் சின்ன பிரஷர் பம்ப் வைக்கலாம். பம்பைத் தொட்டி லைனில்தான் வைக்க வேண்டும். பொதுக் குழாயிலிருந்து நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுவது பல இடங்களில் சட்டப்படி குற்றம், பக்கத்து வீட்டுக்கு வர வேண்டிய தண்ணீரையும் அது இழுத்துவிடும்.

அடாப்டர்

சிங்க் குழாயில் மாட்டும் அடாப்டரில் ஸ்பிரிங் வைத்த சின்ன அடைப்பு ஒன்று இருக்கும், ஹோஸ் தலையை முழுசாக ஏற்றினால்தான் அது கீழே அமுங்கி வழிவிடும். வளையத்தைக் கீழே இழுத்துப் பிடித்து, தலையை மேலே தள்ளி, வளையத்தை விடும்போது 'டக்' என்று பூட்ட வேண்டும். பூட்டாமல் பாதியில் உட்கார்ந்திருந்தால் ஒழுகாமலேயே கூட இருக்கும், ஆனால் தண்ணீர் பாதிதான் போகும். கழற்றி மறுபடி மாட்டுங்கள், லேசாகக் கீழே இழுத்துப் பாருங்கள், ஆடக் கூடாது.

அடாப்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷரையும் பாருங்கள். ஒழுகல் நிற்க வேண்டும் என்று ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வாஷர் போட்டு முறுக்கியிருந்தால் ரப்பர் பிதுங்கி நடுத் துளை சின்னதாகிவிடும். மரை சரியாகப் பொருந்தாததால்தான் அப்படி முறுக்க வேண்டி வருகிறது. குழாய் மூக்குகளில் அதிகம் காணப்படுவது வெளிமரை என்றால் 22 மில்லிமீட்டர், உள்மரை என்றால் 24 மில்லிமீட்டர். அமெரிக்க அளவில் செய்த குழாய்கள் இதற்கு வெகு அருகில் இருந்தாலும் மரை வேறு. ஒன்றரைச் சுற்றில் இறுகி நின்றுவிட்டால் மரை மாறியிருக்கிறது என்று புரிந்துகொண்டு சரியான துண்டை வாங்குங்கள்.

ஹோஸ்

மெஷினை இடத்தில் தள்ளி வைக்கும்போது பின்னால் ஹோஸ் மடிந்து நசுங்குவது ரொம்ப சாதாரணம். பார்வைக்கு வளைவு மாதிரிதான் தெரியும், விரலால் தடவிப் பார்த்தால் மடிப்பு தட்டுப்படும். சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள். அதிக நீளமான ஹோஸைச் சுருட்டிச் சுருட்டிப் பின்னால் திணிக்க வேண்டாம், தேவையான நீளத்துக்கு வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குப் போடும் மெல்லிய ஹோஸ் செமி ஆட்டோமேட்டிக்குக்குப் போதும். வால்வு வைத்த மெஷினுக்குப் போட்டால், வால்வு சட்டென்று மூடும்போது வரும் அழுத்தத்தில் அது உப்பிக் கழன்றுகொள்ளும்.

ஹோஸின் ஒரு முனையில் சின்ன பெட்டி மாதிரி தடித்த பகுதி இருந்தால் அது வெள்ளம் தடுக்கும் பாதுகாப்பு. ஒருமுறை இயங்கிவிட்டால் தண்ணீரை அடைத்துவிடும். பல மாடல்களில் ஒரு சின்னக் கண்ணாடியில் சிவப்பு நிறம் தெரியும். அப்படித் தெரிந்தால் ஹோஸை மாற்றத்தான் வேண்டும்.

இப்போது சல்லடை

மெஷினின் பிளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள். அடாப்டரில் அழுத்தம் விடும் பொத்தான் இருந்தால் அதை அமுக்கி ஹோஸில் தேங்கியிருக்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள், இல்லையென்றால் கழற்றும்போது முகத்தில் அடிக்கும். கீழே ஒரு பழைய துண்டைப் போட்டுக்கொண்டு மெஷின் பக்கத்து நட்டைக் கையாலேயே கழற்றுங்கள்.

உள்ளே எட்டிப் பார்த்தால் நாணயத்தைவிடச் சின்னதாக, தேயிலை வடிகட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் சல்லடை தெரியும். அதன் நடுவில் ஒரு மேடு இருக்கும், மூக்குக் குறடால் அதைப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். பக்கவாட்டில் நெம்பினால் உடையும். என்னுடைய மெஷினில் முதல் தடவை எடுத்தபோது காவி நிறத்தில் துரு கலந்த மணல் ஒரு சிட்டிகை இருந்தது, அதைவிட முக்கியமாக, வெள்ளையாக ஒரு நூல் வலை முழுக்க அப்பிக்கொண்டிருந்தது. நகத்தால் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது டெஃப்ளான் டேப். அதற்கு முந்தைய வாரம் அடாப்டர் ஒழுகுகிறது என்று நானே மரையில் நாலைந்து சுற்று சுற்றியிருந்தேன், விளிம்பைத் தாண்டிச் சுற்றிய பகுதி அறுந்து தண்ணீரோடு வந்து இங்கே சேர்ந்திருக்கிறது. நிமிடத்துக்கு 2 லிட்டர்கூடத் தேறாமல் இருந்தது, அந்த நூலை எடுத்ததும் 8-க்கு வந்துவிட்டது. டேப் சுற்றும்போது முதல் மரையை விட்டுவிட்டு இரண்டாவது மரையிலிருந்து சுற்றுங்கள். ரப்பர் வாஷர் இருக்கும் இணைப்பில் டேப்பே தேவையில்லை, தண்ணீரை அடைப்பது வாஷர்தான்.

சல்லடையைக் குழாயில் பின்பக்கமாகக் கழுவுங்கள், பிரஷ்ஷால் தேயுங்கள், உப்புப் படிந்திருந்தால் வினிகரில் ஊறவையுங்கள். ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்க வேண்டாம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன், சல்லடை இல்லாமல் மெஷினை ஓட்டவே கூடாது. 'எடுத்துப் போட்டால் நல்லா வருதே' என்று சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு மணல் துகள் ரப்பர் தகட்டுக்கு அடியில் மாட்டினால் வால்வு மூடாது, மெஷினை அணைத்த பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், வெளியே போய்விட்டு வந்தால் வீடெல்லாம் தண்ணீர். வால்வுக்குள் வட்டமான மெல்லிய ரப்பர் ஒன்றும் தெரியலாம். ஓட்டத்தை ஒரே அளவில் வைப்பதற்காகப் போட்டது அது, அதையும் எடுக்காதீர்கள்.

ஹோஸின் குழாய்ப் பக்கத்து முனையிலும் சில சமயம் கிண்ணம் போன்ற ஒரு வலை இருக்கும், அதை மறந்துவிடுவார்கள். மறுபடி மாட்டும்போது வாஷர் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கையால் இறுக்குங்கள். பிளாஸ்டிக் மரைக்கு ஸ்பேனர் வேண்டாம்.

ஏறுகிறது, ஆனால் நிற்கவில்லை

என் அக்கா ஒரு நாள் போன் செய்து, "தண்ணி ஏறவே மாட்டேங்குதுடா, ஒரு மணி நேரமா ஓடுது" என்றாள். குழாயில் நன்றாக வருகிறது, சல்லடையும் சுத்தம். "அக்கா, அழுக்குத் தண்ணி போற பைப் எங்க கிடக்கு?" என்று கேட்டேன். "கீழ, பாத்ரூம் பக்கம் போட்டிருக்கேன்." "அதோட வாயைப் பாரு, தண்ணி வருதா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஆமாடா, ஓடிக்கிட்டே இருக்கு!" என்றாள். ஒரு மணி நேரமாகப் பிடித்த தண்ணீர் அத்தனையும் அந்த வழியாகப் போயிருக்கிறது.

இதில் இரண்டு வகை மெஷின் இருப்பதால் கவனமாகப் படியுங்கள். பம்ப் வைத்து அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும் மெஷின் என்றால் வடிகால் ஹோஸின் முனை தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். தரையிலிருந்து சுமார் 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டும்படி பல கையேடுகளில் போட்டிருக்கும். கீழே போட்டால் தண்ணீர் தானாகவே வழிந்து போய்விடும். உயரத்தில் மாட்டியிருந்தாலும், முனையைச் சுவர்ப் பைப்புக்குள் ஆழமாகத் திணித்துக் காற்றுப் புகாமல் டேப் சுற்றி அடைத்துவிட்டால், ஒருமுறை ஓடத் தொடங்கிய தண்ணீர் தொட்டியையே உறிஞ்சிக்கொண்டு போகும். ஒரு சாண் அளவு மட்டும் உள்ளே விட்டு, சுற்றிலும் காற்றுப் போக இடம் விடுங்கள். அக்கா மெஷின் இந்த வகைதான். ஹோஸை வாஷ்பேசின் விளிம்பில் கொக்கியால் மாட்டச் சொன்னேன், 6 நிமிடத்தில் நிரம்பிவிட்டது.

பம்ப் இல்லாமல், அடியில் ஒரு வால்வைத் திறந்து தண்ணீரைக் கீழே விழவிடும் மெஷின்களும் நிறைய உண்டு, சின்ன மெஷின்களில் இதுவும் சகஜம். இவற்றில் ஹோஸ் தரையில்தான் கிடக்க வேண்டும், மேலே தூக்கினால் தண்ணீரே போகாது. இங்கே ஏறும்போதே ஒழுகினால் அடி வால்வில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று பொருள். பட்டன், ஹேர்பின், நூல் கற்றை இவைதான் வழக்கமான ஆட்கள். செமி ஆட்டோமேட்டிக்கில் இதே வேலையைச் செய்வது வடிகால் திருகு. அது 'டிரெய்ன்' பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு அடி ரப்பரைச் சுத்தம் செய்யுங்கள்.

சந்தேகமாக இருந்தால் சோதிக்க வழி இருக்கிறது. வாளியால் தொட்டியைப் பாதி நிரப்புங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், தண்ணீர் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள், 15 நிமிடம் விடுங்கள். மட்டம் இறங்கினால் ஒழுகுகிறது. பம்ப் வகை என்றால் ஹோஸைத் தூக்கிக் கட்டி மறுபடி பாருங்கள், இறங்குவது நின்றுவிட்டால் ஹோஸின் உயரம்தான் காரணம். பம்ப் இல்லாத வகையில் மின்சாரம் இல்லாதபோது அடி வால்வு மூடியே இருக்க வேண்டும், அப்போதும் ஒழுகினால் அதற்குள் ஏதோ சிக்கியிருக்கிறது.

சூடு, குளிர் இணைப்பு

பின்னால் இரண்டு வாய் வைத்த மெஷினில் குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும் ஹோஸ் மாட்டிவிட்டு, செட்டிங்கில் வெதுவெதுப்பு என்று வைத்திருந்தால் இரண்டு வால்வும் திறக்கும், ஒன்றிலிருந்துதான் தண்ணீர் வரும், பாதி வேகம்தான் கிடைக்கும். சூடு என்று வைத்தால் ஒன்றுமே வராது. செட்டிங்கைக் குளிருக்கு மாற்றுங்கள். இரண்டையும் சேர்க்கும் ஒய் வடிவத் துண்டு போட்டும் செய்யலாம்.

சோப்புத்தூள் பெட்டி வழியாகத் தண்ணீர் இறங்கும் மெஷின் என்றால் பெட்டியை வெளியே இழுத்து, மேல் தட்டில் இருக்கும் சின்னத் துளைகளைப் பாருங்கள். தூள் கெட்டியாகி அடைத்திருந்தால் வெந்நீரில் ஊறவைத்தால் கரைந்துவிடும்.

மெஷினுக்குள் இருக்கும் கோளாறு

ஹோஸ் முனையில் நல்ல ஓட்டம், சல்லடை சுத்தம், செட்டிங் சரி, வடிகால் ஒழுகவில்லை, ஆனாலும் உள்ளே நூல் மாதிரிதான் விழுகிறது என்றால் இப்போதுதான் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். நிரப்பத் தொடங்கும் நொடியில் வால்வு இருக்கும் பக்கம் காதைக் கொடுங்கள். 'டக்' என்று ஒரு சத்தமும் அதைத் தொடர்ந்து மெல்லிய ரீங்காரமும் கேட்டால் மின்சாரம் வருகிறது, வால்வைத் திறக்கும் மின்கம்பிச் சுருள், அதாவது 'காயில்', உயிரோடு இருக்கிறது, உள்ளே ரப்பர் தகடுதான் கிழிந்தோ உப்புப் படிந்தோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் காயில் எரிந்திருக்கலாம், வயர் கழன்றிருக்கலாம், மூடி சரியாக மூடவில்லை என்று மெஷின் நினைத்துக்கொண்டும் இருக்கலாம். மூடியை ஒருமுறை திறந்து அழுத்தி மூடிப் பாருங்கள்.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வால்வின் இரண்டு முனையிலும் வயரைக் கழற்றி மின்தடை எத்தனை ஓம் என்று பார்க்கலாம். 220-240 வோல்ட் வால்வுகளில் பெரும்பாலும் 3,000 முதல் 5,000 ஓம் வரை காட்டும். முடிவே இல்லாமல் காட்டினால் காயில் போய்விட்டது. வால்வைப் பிரித்து ஒட்டுப்போடுவதைவிட முழுசாக மாற்றுவதே நல்லது, மாடல் எண்ணைச் சொல்லி அதே அழுத்த அளவில் கேட்டு வாங்குங்கள். மின்சார வேலை பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்திருக்கும் பெட்டி இது. அவர் வரும்போது எழுதிவைத்த லிட்டர் கணக்கைக் காட்டினால் வேலை சீக்கிரம் முடியும்.

தண்ணீர் நிறைந்த பிறகும் நிற்காமல் ஏறினால் அது வேறு கோளாறு. மட்டத்தைக் காட்டும் சின்னக் காற்றுக் குழல் கழன்றிருக்கும் அல்லது அடைத்திருக்கும். உடனே குழாயை மூடிவிட்டு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் என்ன செய்வது

அவசரமாகத் துவைக்க வேண்டியிருந்தால், மேல்மூடி மெஷினில் தாராளமாக வாளியால் தண்ணீர் ஊற்றலாம். மெஷின் மட்டத்தைப் பார்த்துத்தான் அடுத்த வேலைக்குப் போகிறது, தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று அது பார்ப்பதில்லை. நிரப்பத் தொடங்கியதும் ஊற்றுங்கள், மட்டம் வந்ததும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். கன்ட்ரோல் பேனல் மேல் சிந்தாமல் ஓரமாக ஊற்ற வேண்டும். முன்கதவு மெஷினில் சோப்புப் பெட்டி வழியாக மக் மக்காக மெதுவாக ஊற்றலாம். ஒவ்வொரு அலசலுக்கும் மறுபடி ஊற்ற வேண்டும் என்பதால் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருக்கும்.

துவைத்து முடிந்ததும் குழாயை மூடி, அழுத்தத்தை விட்டு, பிறகு அடாப்டரைக் கழற்றுங்கள். தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் மாதம் ஒருமுறை சல்லடையைக் கழுவுங்கள், இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். தொட்டி கழுவிய மறுநாளும், தெருவில் பைப் வேலை நடந்து முடிந்த நாளிலும், மெஷினை மாட்டும் முன் குழாயைச் சும்மா 2 நிமிடம் திறந்துவிட்டுக் கலங்கல் தண்ணீரை வெளியேற்றுங்கள். இன்று அளந்த லிட்டர் கணக்கைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி மெஷினின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள், அடுத்த தடவை மெதுவாக ஏறுவது போலத் தோன்றும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.